எப்படி ஏமாற்றுவீர்கள் என்று கேட்டவர்

என்னை வேலைக்கு எடுத்த அன்று அவர் என் சான்றிதழ்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவருடைய சென்னை நிறுவனத்துக்காரர்கள் திருவாரூரில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து அலுவலகம் வைத்திருந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் அவருக்கு வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது.

“இந்த வேலையில என்னை எப்படி ஏமாத்துவீங்க?” என்று கேட்டார்.

ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் கேள்வி கேட்டு எழுதி வருகிற வேலை அது. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. “வெயில்ல எதுக்கு அலையணும்னு வீட்டுலயே உக்காந்து பதிலை நானே எழுதிடுவேன் சார்” என்றேன்.

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. “நாளைக்கே வந்துடுங்க. அப்படி எழுதினா எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னும் நீங்கதான் எனக்குச் சொல்லித் தரணும்.”

சுற்றுச்சூழல் பொருளாதாரம் அவருடைய துறை. நான் படித்த எம்.ஏ.வில் அது கடைசி அத்தியாயம். நேரமில்லை என்று நடத்தாமலே விட்டுவிட்டார்கள். மரத்தை வெட்டாதே என்று சட்டம் போடுவதைவிட, வெட்டாமல் வைத்திருப்பவனுக்குப் பணம் கொடு, அவனே காவல் காப்பான் என்பது அவர் கட்சி. எங்களுக்குள் ஆறேழு வயதுதான் வித்தியாசம் இருக்கும். ஆனால் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவரைப் போன்ற முகம் என்பதால் மூத்தவராகத் தெரிவார். பேசும்போது சட்டையின் இரண்டாவது பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார். அவருடைய எல்லாச் சட்டையிலும் அந்தப் பொத்தான் நூலில் தொங்கும்.

என்னிடம் கேட்ட கேள்வியை அவர் யாரிடமும் கேட்காமல் விட்டதில்லை. வேளாங்கண்ணி பஸ்ஸில் ஒருமுறை கண்டக்டரிடம், “டிக்கெட் எடுக்காம போகணும்னா உங்க பஸ்ஸுல எப்படிங்க போறது?” என்று கேட்டுவிட்டார். மாறுவேடத்தில் வந்த செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று கண்டக்டர் நினைத்திருக்க வேண்டும். நாங்கள் இறங்குகிற வரைக்கும் ஒவ்வொருவர் டிக்கெட்டாக வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் கொழுந்தன் கல்யாணத்துக்கு வந்தவர், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, அழைக்காமல் வந்து சாப்பிடுகிறவர்களை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று என் மாமனாரிடம் கேட்டார். மாமனார் அவர் இலைக்கு இன்னொரு அப்பளம் வைக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பயந்துபோய்க் கேட்கிறார் என்று புரியக் கொஞ்ச நாளாயிற்று. எங்கள் பக்கம் வருவதற்கு முன் வேறு மாவட்டத்தில் ஓர் ஏரிக்கரையில் அவர் ஒரு திட்டம் போட்டிருந்தார். எவர் வீட்டு மரத்தில் பறவை கூடு கட்டினாலும் அந்த வீட்டுக்குப் பணம். முதல் வருஷம் ஏகப்பட்ட கூடுகள். பத்திரிகைக்காரர்கள் வந்து படமெல்லாம் எடுத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, ஏரிக்குள் இருந்த மரங்களிலிருந்து கூட்டைக் கிளையோடு முறித்து வந்து வீட்டு மரத்தில் கட்டியிருக்கிறார்கள்.

“முட்டையோட” என்றார் என்னிடம். “அதுக்கு முந்தி அங்க யாரும் பறவையத் தொட்டதே இல்ல. நான் பணம்னு சொன்னப்புறந்தான் தொட்டாங்க.” இதைச் சொல்லும்போது பொத்தான் கையோடு வந்துவிட்டது.

எங்கள் பக்கம் அவர் வந்தது உப்புக்காக. மேட்டூர் அணை ஜூன் மாதத்தில் திறக்காமல் போன வருஷங்கள் அவை. நூறு நாள் வேலையெல்லாம் வருவதற்கு முன்னால். ஆறு வறண்டு கிடந்தாலும் கோடையில் குறுவை நடவு நடந்துகொண்டுதான் இருந்தது. நிலத்துக்காரர்கள் போர் போட்டு மோட்டார் வைத்திருந்தார்கள். மின்சாரம் இலவசம் என்பதால் ஓடுகிற மோட்டாரை நிறுத்த யாருக்கும் ஒரு காரணமும் இல்லை. மண்ணுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர்தான் கடலைத் தள்ளி நிறுத்துகிறது என்பார் அவர். இங்கே உறிஞ்ச உறிஞ்சக் கடல் அடிவழியாக உள்ளே வரும். கிழக்கே இருந்த கடற்கரை ஊரில் வீட்டுக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரித்துக்கொண்டிருந்தன.

அந்த ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பாய் ஒருவர் எங்களுக்கு டீ வாங்கித் தந்தார். “குடிச்சுப் பாருங்க சார். எவ்வளவு சீனி போட்டாலும் அடியில உப்பு நிக்கும்.” அவருடைய தம்பிகள் வளைகுடாவில் இருந்தார்கள், அந்த ஊரில் பாதி வீட்டு ஆண்கள் அங்கேதான். “எங்க ஆளுங்க கிட்டச் சொல்லிப் பணம் நான் தெரட்டித் தர்றேன். மேற்க இருக்கறவங்க ஒரு கோடைக்கு மோட்டார நிறுத்துவாங்களா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

இதைத்தான் அவர் சந்தை என்பார். தண்ணீர் வேண்டியவர் வாங்குகிறவர், மோட்டாரை நிறுத்துகிறவர் விற்கிறவர். நடுவில் இவருடைய ஒப்பந்தம்.

மேற்கே இருந்த ஊர் நான் பிறந்த ஊர். காலனித் தெருவில் என் அம்மா அப்போதும் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். விவசாயிகள் கூட்டம் ரைஸ்மில் களத்தில் நடந்தது. மில்லுக்கும், ஊரின் பெரிய பங்கு நிலத்துக்கும் சொந்தக்காரர் ஒருவரே. அந்தக் களத்தில் என் அம்மா எத்தனையோ வருஷம் நெல் புழுக்கிக் காயவைத்திருக்கிறாள். எனக்கு அங்கே நாற்காலி போட்டது அன்றுதான். ரைஸ்மில்காரர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, “உக்காரும்மா” என்றார். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தேன்.

சார் எழுந்து நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். “பணத்தையும் வாங்கிட்டு, தண்ணியையும் எடுக்கணும்னா எப்படிங்க எடுப்பீங்க?”

களத்தில் சிரிப்பு. பிறகு போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள்.

“தம்பி பேர்ல இருக்குற போர்லேருந்து குழாய் போட்டு இழுத்துப்பேன்.”

“நெல்லுதான வேணாங்கறீங்க? கரும்பு வச்சுடுவேன்.”

“கரண்டு மோட்டார நிறுத்திட்டு டீசல் இஞ்சின் வாடகைக்குக் கொண்டாருவேன் சார்.”

ஒவ்வொன்றுக்கும் அவர் கை உயர்த்தி நன்றி சொன்னார். ஒப்பந்தத்தில் ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தார். அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த ஒரு மத்தியானம்தான். ரைஸ்மில்காரர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது நான் கேட்டேன்: “சார், குறுவை இல்லன்னா நடவு இருக்காது. களை இருக்காது. எங்க தெருவுல கோடைக்கு வேற வேலை கெடையாது.”

“யோசிச்சேன்” என்றார். “கூலி ஆளுங்களையும் சேர்த்தா இன்னும் சிக்கலாயிடும். மொத வருஷம் ஓட்டை இல்லாம நிக்கட்டும். அடுத்த வருஷம் சேர்த்துக்கலாம்.”

“இந்த வருஷம்?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விரல் பொத்தானுக்குப் போயிற்று.

ஏன் இந்த மனுஷர் இப்படி என்பதற்கு ஒரு காரணம் எனக்குப் பின்னால் கிடைத்தது. வேலையாகத் தஞ்சாவூர் தாண்டிப் போனபோது, பூதலூர் ஸ்டேஷன் வாசலில் டீ குடிக்க நின்றோம். “இதுதான் எங்க ஊரு” என்றார் திடீரென்று. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். கண்ணுக்கெட்டிய வரை பச்சை. “இதெல்லாம் எங்க மிராசு. நில உச்சவரம்புச் சட்டம் வந்துச்சுல்ல, அப்ப எங்கப்பா என்னா பண்ணினாரு தெரியுமா? பாதி நிலத்த வேலைக்காரங்க பேர்ல எழுதினாரு. எங்க மாட்டுக்காரர் பேர்ல கூட நல்ல வயல் இருந்துச்சு. அவருக்கே அது தெரியாது. கூப்பிட்டு ரேகை வைக்கச் சொன்னாங்க, வச்சாரு. கெடுபிடியெல்லாம் ஓஞ்சப்புறம் மறுபடி கூப்பிட்டு இன்னொரு ரேகை. ஒரு வேட்டி குடுத்து அனுப்பிட்டாங்க.”

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

“சட்டம் போட்டவங்க நல்லதுக்குத்தான் போட்டாங்க. எங்கப்பா மாதிரி ஆளு எப்படி யோசிப்பாருன்னு அவங்க யோசிக்கல, அவ்வளவுதான். நான் எது எழுதினாலும் எங்கப்பா எதிர்ல உக்காந்து அதப் படிக்கிற மாதிரியே இருக்கும்.”

ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்தக் கோடையில் எங்கள் ஊரில் மோட்டார் ஓடவில்லை. எனக்கு நினைவு தெரிந்து அப்படியொரு நிசப்தம் அந்த வயல்களில் இருந்ததில்லை. சார் தினமும் வந்து வாய்க்கால் மதகின் மேல் நின்று காது கொடுத்துக் கேட்பார். தூரத்தில் ஏதாவது டிராக்டர் ஓடினால்கூட, “அது மோட்டாரா?” என்பார். இல்லை என்று நான் சொன்னால் நம்பாமல் அந்தத் திசையிலேயே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். கடற்கரை ஊரில் பாய் வீட்டுக் கிணற்றில் கரிப்பு லேசாகக் குறைந்திருக்கிறது என்று சேதி வந்தபோது, மறுபடி ருசி பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

எனக்கு அந்த நிசப்தம் வேறு மாதிரி கேட்டது. தெருவில் பகலெல்லாம் பெண்கள் வீட்டிலேயே இருந்தார்கள். சிலர் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். என் அண்ணி தோட்டை அடகு வைத்துவிட்டுக் காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தாள். அம்மா என்னிடம் எதையும் கேட்கவில்லை. நான் போனால் சோறு போடுவாள். நான் யாரிடம் வேலை பார்க்கிறேன் என்று தெரியாதவள் மாதிரி வேறெதையாவது பேசுவாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முதல் தவணைப் பணம் கொடுக்கிற அன்று களத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது மில் வாசலில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் என் அம்மா.

உள்ளேயிருந்து நிலத்துக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து நின்றார்கள். சில இளவட்டங்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய், இன்னும் ஆட்களோடு திரும்பி வந்தார்கள். எங்கள் பக்கத்தில் கூலி கேட்டு உட்கார்ந்தவர்களை முன்காலத்தில் குடிசையோடு என்ன செய்தார்கள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

“என்னா அஞ்சல, பொண்ணு உள்ள வேலை பாக்குது, நீ வாசல மறிக்கிறியா?” என்றார் ரைஸ்மில்காரர் அம்மாவைப் பார்த்து.

அம்மா சாரைப் பார்த்தாள். “எப்படி ஏமாத்துவேன்னு ஊரெல்லாம் கேட்டீங்களாமே சார். எங்களக் கேக்கலியே?”

அவர் குனிந்து, “சொல்லுங்கம்மா” என்றார்.

“என்னத்தச் சொல்றது? ஏமாத்தணும்னாலும் எங்க கையில ஏதாச்சும் குடுத்திருக்கணும்ல.”

அவர் மெதுவாக நிமிர்ந்தார். அப்பா எப்படி யோசிப்பார் என்றே இத்தனை வருஷமும் யோசித்த மனிதர். ரேகை வைத்துவிட்டு வேட்டியோடு வீட்டுக்குப் போனவர் எப்படி யோசித்திருப்பார் என்று அன்றுதான் யோசித்தாரோ என்னவோ. சென்னையிலிருந்து நிறுவனத்துக்காரர் போனில் கூப்பிட்டார். பணத்தைக் கொடுத்து முடி, தகராறைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. சார் போனை அணைத்துப் பையில் போட்டார்.

“இன்னைக்குப் பணம் குடுக்கலைங்க” என்றார். “இவங்களுக்கும் ஒரு பங்குன்னு எழுதிட்டுத்தான் குடுப்பேன்.”

“நீங்க போட்ட அக்ரிமெண்டுல இவங்க பேரு எங்க சார் இருக்கு?” ரைஸ்மில்காரர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“இல்ல. அது என் தப்பு.”

“உங்க தப்புக்கு எங்க பணமா?”

ரைஸ்மில்காரர் ஓர் ஆளைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவன் வயல் பக்கம் ஓடினான். கொஞ்ச நேரத்தில் மில்லுக்குப் பின்னால் ஒரு மோட்டார் உறுமியது. பிறகு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒன்று. பிறகு எந்தத் திசை என்று சொல்ல முடியாமல் எல்லாப் பக்கமும்.

சார் என் பக்கம் திரும்பினார். “இப்பப் போட்டு என்னா பண்ணுவாங்க? நாத்துக்கு எங்க போவாங்க?”

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. “மில்லுக்குப் பின்னாடி கெடக்குது சார் நாத்து. நெல்லு ஊறவைக்கிற தொட்டித் தண்ணிய எறைச்சு நாங்கதான் வெதை விட்டோம். ஒத்து வரலன்னா நட்டுக்கலாம்னு ஐயா அப்பவே சொல்லிட்டாரு.”

எல்லா ஓட்டையையும் அடைத்தவர், அந்த ஒன்றை எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் அவர் முகத்தை நான் முழுதாகப் பார்க்கவில்லை. பெண்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். மோட்டார் ஓடுகிறது என்றால் நடவு இருக்கிறது. ஒருத்தி சேலையை இழுத்துச் செருகினாள். மற்றொருத்தி, “நாளைக்கா, நாளன்னைக்கா?” என்று கேட்டாள். சார் வாழ்க்கையில் கேட்டதிலேயே மோசமான சத்தம் அந்த மோட்டார் சத்தம்; அந்தத் தெரு அந்தக் கோடையில் கேட்ட முதல் நல்ல சத்தமும் அதுதான். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு யார் பக்கம் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றே பாயிடம் போய்ச் சொல்லியாக வேண்டும் என்றார். போன் வேண்டாம், நேரில்தான். கடை வாசலில் நின்றபடியே சொன்னார். பணம் மொத்தமும் திரும்பி வரும் என்றார். பாய் கேட்டுக்கொண்டே ஆணிப் பெட்டிகளை அடுக்கினார். முடித்துவிட்டுக் கேட்டார்: “பணத்தத் திருப்பிக் குடுத்துருவீங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்க கொடத்தத் தூக்கிட்டு எங்க சார் போறது? அந்தம்மாக்களுக்கு வயிறு இருக்கு, சரி. எங்களுக்குத் தொண்டை இல்லியா?”

பஸ் ஏறிய பிறகு, “அவங்க கேட்டதும் சரி, இவரு கேக்குறதும் சரி” என்று மட்டும் சொன்னார்.

அவர் ஓடிவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் புதிதாக எழுதிக்கொண்டு வந்தார். நடவுக்குப் பதிலாகத் தெருப் பெண்களுக்கு ஊர்க் குளங்களைத் தூர்வாருகிற வேலை. அந்தக் கூலி முதலில், நிலத்துக்காரர் பணம் அதற்கு அப்புறம். இந்தத் தடவை காலனித் தெருவுக்கு முதலில் வந்து மண்ணில் உட்கார்ந்தார். அம்மா அவரோடு கூலிக்கு முரட்டுத்தனமாகப் பேரம் பேசினாள். ஒத்துக்கொண்டார். ஆனால் சிறு விவசாயிகள் கொஞ்சம் பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் நிறுத்தி வைத்த தண்ணீரைப் பக்கத்து வயலில் ரைஸ்மில்காரர் மோட்டார் உறிஞ்சிக்கொண்டது. பாய் ஊரில் கரிப்பு குறையவில்லை. குறையாத உப்புக்கு யார் பணம் தருவார்கள்? சென்னை நிறுவனம் அலுவலகத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. சார் எங்கோ வடக்கே ஒரு மலைப் பிரதேசத்துக்கு வேலைக்குப் போனார். நான் மயிலாடுதுறையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போனேன்.

ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் போன் செய்வார். அணை திறந்தாச்சா என்று கேட்கமாட்டார். “அம்மா வேலைக்குப் போறாங்களா?” என்பார். போகிறாள் என்றால், “சரி, சரி” என்று வைத்துவிடுவார்.

அம்மா இறந்த வருஷம் அவர் கேட்பதற்கு முன் நானே சொன்னேன். கருமாதி அன்று வந்துவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. தெருவில் பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பெண்கள் சிலர் அடையாளம் தெரிந்துகொண்டு வந்து விசாரித்தார்கள்.

கொஞ்சம் பொறுத்து ரைஸ்மில்காரரும் வந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. கைத்தடியோடு வந்தவர், காலியாக இருந்த ஒரே நாற்காலியில் சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கைத்தடியை மடியில் கிடத்திக்கொண்டார்.

“அந்தத் திட்டம் இன்னும் இருக்குங்களா சார்?” என்றார்.

சார் அவர் பக்கம் திரும்பினார்.

“போர் தண்ணி கரிக்குது. போன சம்பாவுல நாத்து மஞ்சளாப் போயி ஒண்ணும் தேறல. மோட்டார நிறுத்திட்டேன். யாரும் சொல்லாமலே.”

சொன்னது பலித்துவிட்டவரின் முகத்தை நான் எதிர்பார்த்தேன். அது இல்லை. கட்டிலில் கிடக்கிற சொந்தக்காரரைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தார். “இல்லீங்க” என்றார் மெதுவாக. “அப்ப வாங்குறதுக்கு ஆள் இருந்தாங்க. அந்தப் பாய் வீட்டப் பூட்டிட்டுக் குடும்பத்தோட திருச்சிக்குப் போயிட்டாரு.” பிறகு, “குடிக்கத் தண்ணி?” என்று கேட்டார்.

“ஊருக்கே கேன் தண்ணிதான். இன்னைக்கு எங்க பக்கம் வண்டி வரல.”

என் அண்ணி உள்ளேயிருந்து கேன் தண்ணீர் இரண்டு டம்ளரில் கொண்டுவந்தாள். ரைஸ்மில்காரர் முன்னால் வந்ததும் அவள் கை தயங்கி நின்றது. எங்கள் வீடுகளில் அவர்கள் யாரும் தண்ணீர் குடித்ததில்லை. சார் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

ரைஸ்மில்காரர் டம்ளரைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். வாங்கி, தூக்கி ஊற்றாமல், வாய் வைத்து ஒரே மூச்சில் குடித்தார்.

அவர் குடித்து முடிக்கும்வரை சார் தன் டம்ளரைத் தொடவில்லை.

காலி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், “இன்னும் கொஞ்சம் கெடைக்குமாம்மா?” என்றார் ரைஸ்மில்காரர்.